இங்க்ஜெட் பிரிண்டரில் கோடு விழுகிறதா? ஹெட் கிளீனிங்கை அழுத்தும் முன் படியுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் உள்ள இங்க்ஜெட் பிரிண்டரில் பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக் கோடு விழுகிறது, படங்கள் வெளிறி வருகின்றன. இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டால் ஏதாவது ஒரு நிறம் வரவே மாட்டேன் என்கிறது. அடுத்தடுத்து ஆறு முறை ஹெட் கிளீனிங் (தாளில் மை தெளிக்கும் ஹெட்டை பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும் கட்டளை) கொடுத்தும் முன்னைவிட மோசமாகிவிட்டது. இங்க்ஜெட் என்றாலே இப்படித்தானா, லேசருக்கு மாறிவிடலாமா?

மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில், இன்றைக்கு இனி கிளீனிங் கொடுக்காதீர்கள். பிரிண்டரை அதன் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் ஒரு நாசில் செக் (ஹெட்டில் மை வரும் நுண்துளைகளான நாசில்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) எடுத்துப் பாருங்கள். விடுபட்ட கோடுகளில் பாதியாவது திரும்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஹெட் கிளீனிங் என்றதும் உள்ளே ஏதோ பிரஷ் வைத்துத் தேய்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹெட் ஓய்வெடுக்கும் ஓரத்தில் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதற்குக் கேப் என்று பெயர். அது ஹெட்டின் முகத்தில் அழுந்தி மூடிக்கொள்ள, கீழே இருக்கும் பம்ப் நாசில்கள் வழியாக மையை உறிஞ்சி எடுக்கும். பிறகு வைப்பர் என்ற ரப்பர் பட்டை முகத்தைத் துடைத்துவிடும். பெரும்பாலான பிரிண்டர்களில் கிளீனிங் என்பது இவ்வளவுதான். கேப் சரியாக மூடவில்லை என்றால் பம்ப் மைக்குப் பதில் வெளிக்காற்றைத்தான் இழுக்கும். டேங்கில் மை அடிமட்டத்தில் இருந்தால் மேலிருந்து குழாய்க்குள் காற்று வரும். திரும்பத் திரும்ப உறிஞ்சினால் ஹெட்டுக்குள் நுரைபோலக் குமிழிகள் சேரும். உங்களுக்கு ஆறாவது முறையில் நடந்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். சில மணி நேரம் சும்மா விட்டால் குமிழிகள் மேலே ஏறும், சில மையிலேயே கரைந்துபோகும். காய்ந்து நின்ற மையும் பக்கத்தில் உள்ள ஈரத்தில் ஊறி இளகும். சில டேங்க் பிரிண்டர்களின் கையேட்டிலேயே, கிளீனிங் பலிக்கவில்லை என்றால் 12 மணி நேரம் நிறுத்தி வையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு.

ஒரு நாசிலின் வாய் சுமார் 20 மைக்ரான் அகலம் இருக்கும். தலைமுடி அதைவிட மூன்று நான்கு மடங்கு தடிமன். அந்த வாயிலிருந்து விழும் துளி சில பிக்கோலிட்டர்தான். ஒரு துளி 4 பிக்கோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டர் மையில் 25 கோடித் துளிகள் இருக்கின்றன. இப்படி நூற்றுக்கணக்கான நாசில்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான துளிகளைக் குறித்த இடத்தில் போட்டால்தான் ஒரு புகைப்படம் கிடைக்கும். இவ்வளவு நுணுக்கமான ஒன்று நம் மேஜையில் வேலை செய்கிறது என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வாய் இத்தனை சின்னது என்பதால், அதன் நுனியில் மை கொஞ்சம் கெட்டியானாலே துளி கோணலாகப் போகும், அல்லது வராது. மையில் பெரும்பங்கு தண்ணீர். அது சீக்கிரம் காயாமல் இருக்கத்தான் கிளிசரின், கிளைகால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் ஹெட்டை மூடாமல் விட்டால் அதெல்லாம் ரொம்ப நேரம் தாங்காது.

துளியைத் தள்ளும் முறை இரண்டு வகை. மையைச் சூடாக்கித் தெறிக்கவிடுவது ஒன்று. 1977-ல் கேனான் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ, சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட, நுனியிலிருந்து மை பீறிட்டு வந்ததைப் பார்த்தார். அவர்களின் பபிள் ஜெட் அங்கிருந்து பிறந்தது. எச்பி தனியாக அதே வழிக்கு வந்து 1984-ல் திங்க்ஜெட்டை வெளியிட்டது. இன்னொரு முறை பீசோ. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் ஒரு பொருள் மையை நெட்டித் தள்ளும். எப்சன் பிரிண்டர்கள் இந்த வகை. இது உங்களுக்கு எதற்கு என்றால், வைத்தியம் இதைப் பொறுத்துத்தான் மாறும். பீசோ ஹெட் பெரும்பாலும் பிரிண்டரோடு நிலையாக இருப்பது. அதைக் கெடுத்தால் செலவு பெரிது. சூட்டு முறையில் இயங்கும் பல சின்ன பிரிண்டர்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே ஒட்டியிருக்கும். புது கார்ட்ரிட்ஜ் போட்டால் ஹெட்டும் புதிது. ஆனால் சூட்டு ஹெட்டை மை இல்லாமல் ஓட்டவே கூடாது. உள்ளே இருக்கும் சின்ன ஹீட்டர்கள் ஒவ்வொரு துளிக்கும் நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் சுமார் 300 டிகிரி வரை போய்வருபவை. மைதான் அவற்றைக் குளிர வைக்கிறது. மை தீர்ந்த பிறகும் வெளிர வெளிர இன்னும் பத்துப் பக்கம் என்று இழுத்தால் அவை கருகிவிடும்.

சரி, இப்போது நாசில் செக்குக்கு வருவோம். எதைச் செய்வதற்கும் முன்னால் இந்த ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் படிக்கட்டு மாதிரி இறங்கும் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கு ஒரு நாசில். மஞ்சளைத்தான் வெள்ளைத் தாளில் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, கைபேசித் திரை முழுக்க நீல நிறம் வரவைத்து அந்த வெளிச்சத்தில் தாளைக் காட்டுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடுவதால் கோடுகள் கறுப்பாகத் தெரியும், விடுபட்ட படி பளிச்சென்று இடைவெளியாக நிற்கும். முகங்கள் நீலம் பூத்தது போல வருகின்றன என்று சொல்பவர்களில் பலருக்கு மஞ்சள்தான் பாதி அடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் சயானை, அதாவது நீல மையை, சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு தாள் எடுத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. இரண்டிலும் அதே இடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே மை காய்ந்து அடைத்திருக்கிறது. இடைவெளி இடம் மாறிக்கொண்டே இருந்தால் காற்று. தாளின் தொடக்கத்தில் நன்றாக வந்து போகப் போக மங்கினால் ஹெட்டுக்கு மை போதிய அளவு வந்து சேரவில்லை: டேங்கின் காற்றுத் துளை மூடியிருக்கிறதா, புதுக் கார்ட்ரிட்ஜின் மேல் இருக்கும் டேப்பை உரிக்க மறந்தோமா, மை அடிக்கோட்டுக்குக் கீழே போய்விட்டதா என்று பாருங்கள். மஞ்சள் கட்டத்தில் பச்சையாகத் தெரிந்தால் கேப்பிலோ வைப்பரிலோ நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. எல்லாக் கோடும் முழுசாக இருந்தும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அலைன்மென்ட் (துளிகள் விழும் இடத்தை நேர்படுத்தும் கட்டளை) கொடுக்க வேண்டும். நாசில் செக்கில் குறையே இல்லை, ஆனால் படத்தில் சீரான இடைவெளியில் மெல்லிய பட்டை என்றால் தாள் நகரும் அளவு தவறுகிறது. இந்தக் கடைசி இரண்டுக்கும் கிளீனிங் கொடுப்பது மையைக் கொட்டுவதுதான்.

அடைப்புத்தான் என்று உறுதியானால் ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். கோடுகள் கொஞ்சமாவது திரும்பியிருந்தால் இன்னும் ஒன்று. துளிகூட மாறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். பவர் கிளீனிங் என்று, வழக்கமானதைவிடப் பலமாக உறிஞ்சும் ஒன்று இருக்கும். குழாய் முழுக்கக் காற்று ஏறிவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள். டேங்கில் கணிசமான மை இருக்க வேண்டும். செலவாகும் மையும் கொஞ்சநஞ்சம் இல்லை.

இவ்வளவுக்கும் அசையாத அடைப்புக்கு நான் முதலில் பார்ப்பது ஹெட்டை அல்ல, கேப்பை. எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் ஒரு பிரிண்டர் திங்கள்கிழமை தவறாமல் படுத்துக்கொள்ளும். இரண்டு முறை ஹெட் மாற்றியும் அதே கதை. திறந்து பார்த்தபோது கேப்பின் ரப்பர் விளிம்பைச் சுற்றி, பழைய பேனா மூடிக்குள் படிந்திருக்குமே, அந்த மாதிரி கறுப்பாகக் கெட்டித்த மை. அதில் ஒரு காகித நார் ஒட்டிக்கொண்டு விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு முடி அளவு சந்து. அது வழியாக இரண்டு நாள் விடுமுறையில் ஹெட் காய்ந்துவிடும். கிளீனிங் கொடுத்தால் பம்ப் அதே சந்து வழியாகக் காற்றை இழுக்கும். அந்த நாரை எடுத்து விளிம்பைத் துடைத்ததும் திங்கள்கிழமைத் தொல்லை நின்றது.

இதை நீங்களே செய்யலாம். பிரிண்ட் ஓடும்போது, ஹெட் நடுவில் வந்ததும் மின் இணைப்பை எடுத்துவிட்டால் ஓரத்தில் கேப் திறந்து கிடக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் இப்படி இழுக்கலாம். சொட்டு மருந்துக் குழாயால் நாலைந்து சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நார் உதிராத துணியின் முனையை நனைத்து ரப்பர் விளிம்பைச் சுற்றிலும், வைப்பரின் இரு பக்கமும் துடையுங்கள். பஞ்சு வைத்த குச்சி வேண்டாம், அதன் இழைதான் அடுத்த அடைப்புக்கு விதை. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதில் உள்ள உப்புகள் காய்ந்து படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பலர் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில பிக்மென்ட் மைகள் (நிறம் நுண்துகள்களாக மிதக்கும் மைகள்) அதில் திரிந்துபோகும், சில ஹெட்களின் மேல்பூச்சையும் பசையையும் அது பாதிக்கும். சிரிஞ்சை ஹெட்டில் பொருத்தி வேகமாக அழுத்துவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பீசோ ஹெட்டுக்குள் இருக்கும் மெல்லிய சுவர்கள் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கார்ட்ரிட்ஜோடு ஹெட் வரும் வகை என்றால் வேலை சுலபம். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியை நாலாக மடித்து, கார்ட்ரிட்ஜின் நாசில் பக்கத்தை அதன்மேல் ஒரு நிமிடம் லேசாக வைத்து எடுங்கள். துணியில் சயான், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஊறி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் அந்த நிறத்துக்கு இன்னொரு முறை வையுங்கள். செம்புத் தகடு போலப் பளபளக்கும் மின் தொடுப்புகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுப்பதுதான் இதில் முக்கால் பங்கு வேலை. சுவர் சுவிட்சை அணைத்து பிரிண்டரை நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் ஹெட் நகர்ந்து போய் கேப்பில் அமர்ந்து, அதன் பிறகுதான் விளக்கு அணையும். அந்தச் சில நொடி சத்தம் ஓயும்வரை காத்திருந்து, அப்புறம் சுவிட்சைத் தொடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் ஹெட் வாயைத் திறந்தபடி நிற்கும். மின்சாரம் வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து முறையாக அணைத்துவிடுங்கள். தினமும் பிரிண்ட் எடுப்பவர் என்றால் அணைக்காமல் தூங்கவிடுவதே மேல். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பல பிரிண்டர்கள் தாமாகவே கொஞ்சம் மையைச் செலவழித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

அதோடு வாரம் ஒரு பக்கம். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் உள்ளங்கை நீளத்துக்குப் பட்டையாக வரும்படி ஒரு கோப்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எழுத்து மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் கறுப்பு மட்டும்தான் ஓடும், மற்ற மூன்றும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். தினமும் பிரிண்ட் எடுக்கிறேனே, ஏன் மெஜந்தா அடைத்தது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

மையைப் பற்றி: டை மை தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும், அடைப்பு குறைவு, புகைப்படத் தாளில் பளிச்சென்று இருக்கும், ஆனால் நீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளிறும். பிக்மென்ட் மையில் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும். எழுத்து கூர்மையாக வரும், நீண்ட நாள் நிற்கும், காய்ந்தால் அடைப்பு பிடிவாதமானது. உங்கள் பிரிண்டர் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். வேறு நிறுவன மை எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஹெட்டைத் தட்டும் மின்துடிப்பு ஒரு குறிப்பிட்ட பிசுபிசுப்புக்கு ஏற்றபடி அமைத்தது. மை அதிலிருந்து விலகினால் துளிக்கு வால் முளைக்கும், பக்கத்தில் சிதறும். மோசமானது, பாதி டேங்க் ஒரு மை, மீதிப் பாதி இன்னொரு மை என்று கலப்பது. இரண்டும் தனித்தனியாக நன்றாக ஓடியிருக்கும். சேர்ந்ததும் குழாயில் திரிந்துபோகும். உறை பிரித்த மையை ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. டேங்கில் மை கீழ்க்கோட்டைத் தொடும்போதே ஊற்றிவிடுங்கள், அதற்குக் கீழே போனால் குழாயில் காற்று ஏறும்.

தாளை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கு வரும் 'நிறம் வெளிறுகிறது' புகார்களில் கணிசமானவை தாளில்தான் முடிகின்றன. சாதாரணத் தாளில் மை நார்களின் வழியே பரவி உள்ளே இறங்கிவிடும். ஓரம் பிசிறும், நிறம் மங்கும். அதற்கேற்றபடி பிரிண்டர் சாதாரணத் தாளுக்கு மையைக் குறைத்தே போடும். நீங்கள் புகைப்படத் தாளை வைத்துவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டால் வெளிறிய படம், மாற்றிச் செய்தால் ஊறி நெளிந்த தாள். ஒரே படத்தை, தாள் வகையை மட்டும் மாற்றி இரண்டு தரம் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள், இரண்டு வேறு பிரிண்டர் என்று தோன்றும். புகைப்படத் தாளில் எந்தப் பக்கம் மேற்பூச்சு என்று தெரியவில்லையா? லேசாக ஈரமான விரலால் ஓரத்தைத் தொட்டால் பூச்சுள்ள பக்கம் ஒட்டும். ஈரத்தை உறிஞ்சிய தாள் சுருண்டு ஹெட்டில் உரசும், கறுப்புத் தீற்றல் விழும். மிச்சத் தாளை உறைக்குள்ளேயே படுக்கையாக வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும் அறைதான் தாளுக்கும் நாசிலுக்கும் இதம்.

செட்டிங்கில் இன்னும் இரண்டு. ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் அச்சடிப்பதை அதிவேகம் அல்லது இருதிசை என்று குறித்திருப்பார்கள். முக்கியமான படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். நேரம் கூடும், செங்குத்துக் கோடுகள் நேராக வரும். நிறத் திருத்தத்தை படம் திருத்தும் மென்பொருளோ பிரிண்டர் மென்பொருளோ, ஏதோ ஒன்றுதான் செய்ய வேண்டும். இரண்டும் செய்தால் தோல் நிறம் செங்கல் நிறமாகும். அப்புறம், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 4 க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200 க்கு 1800 பிக்சல் வேண்டும். அரட்டைச் செயலி வழியாகச் சுருங்கி வந்த படத்தைப் பெரிதாக எடுத்துவிட்டு ஹெட்டைக் குறை சொல்ல முடியாது.

ஹெட்டின் பாதையை ஒட்டி ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாடா நீளவாக்கில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் அதில் உண்டு. ஹெட் தான் எங்கே நிற்கிறது என்பதை அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதில் மைத்தூசியோ எண்ணெய்க் கறையோ பட்டால் ஹெட் திடீரென ஓரத்தில் மோதும், எழுத்து இடம் பெயரும். நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இழுக்காமல் மெல்லத் துடையுங்கள். தாளை இழுக்கும் ரோலர்கள் காகிதத் தூசி படிந்து வழவழப்பானால் இரண்டு மூன்று தாளாக உள்ளே போகும், அல்லது ஒன்றுமே போகாது. அவற்றையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கிளீனிங்கில் உறிஞ்சிய மை அத்தனையும் அடியில் இருக்கும் ஒரு பஞ்சுத் திண்டில்தான் போய்ச் சேரும். பிரிண்டர் அதைக் கணக்கு வைத்துக்கொண்டே வரும். நிரம்பியது என்று கணக்குச் சொன்ன நாளில் அச்சடிப்பதையே நிறுத்திவிடும். கணக்கை மட்டும் மென்பொருளால் பூஜ்யமாக்கித் திண்டை மாற்றாமல் விட்டால் ஒருநாள் மேஜையில் மை வழியும். சில புது மாடல்களில் இது நாமே கழற்றி மாற்றும் பெட்டியாக வருகிறது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி லேசர். மாதக் கணக்கில் தொடாமல் இருந்து திடீரென்று பத்துப் பக்கம் எழுத்து எடுப்பதுதான் உங்கள் தேவை என்றால், தயங்காமல் மாறுங்கள். டோனர் உலர்ந்த பொடி, அதில் காய்வதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் கேள்வியில் படங்கள் வெளிறுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். படம் எடுப்பவருக்கு லேசர் ஈடாகாது. ராத்திரி ஓய்வு கொடுத்து, காலையில் இரண்டு நாசில் செக் எடுத்து, இடைவெளி அதே இடத்தில் நிற்கிறதா நகர்கிறதா என்று பாருங்கள். நின்றால் கேப்பைத் திறந்து விளிம்பைத் துடையுங்கள். நகர்ந்தால் டேங்கில் மையை நிரப்பி இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.